வெளியூருக்குத் திறக்கும் தளம் வீட்டுக்குள் திறக்காதது ஏன்? – வாசகர் கேள்விகளும் பதில்களும்

வீட்டில் இருக்கும் கணினி ஒன்றைச் சர்வராக்கி அதில் சொந்தத் தளம் நடத்தும் வாசகர்களின் கடிதங்களில், வெளியூரில் இருப்பவருக்குத் திறக்கும் தளம் அதே வீட்டின் கூடத்தில் அமர்ந்திருப்பவருக்குத் திறக்கவில்லை என்ற புகார் திரும்பத் திரும்ப வருகிறது. ஆகவே இந்த இதழின் கேள்வி–பதில் பகுதி முழுவதும் அந்த ஒரு பொருளுக்கே ஒதுக்கப்படுகிறது. கேள்விகள் சுருக்கப்பட்டுள்ளன. பதில்களில் எடுத்துக்காட்டாக வரும் 203.0.113.7 என்ற பொது முகவரி, நூல்களிலும் கையேடுகளிலும் விளக்கத்துக்குப் பயன்படுத்துவதற்கென்றே ஒதுக்கப்பட்ட தொகுதியைச் சேர்ந்தது. அது யாருடைய இணைப்பும் அன்று.

கேள்வி: உபுண்டு நிறுவிய பழைய மடிக்கணினியில் எங்கள் குடும்பப் புகைப்படங்களுக்கான தளத்தை நடத்துகிறேன். நிலையான ஐபி முகவரி வாங்கி, ரவுட்டரில் 80, 443 ஆகிய இரு போர்ட்களையும் (சேவைகளுக்கான எண்ணிட்ட வாசல்களை) 192.168.1.10 என்ற சர்வருக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் தம்பிக்குத் தளம் உடனே திறக்கிறது. என் கைப்பேசியிலும் மொபைல் டேட்டாவில் திறக்கிறது. வைஃபைக்கு மாறினால், சாதாரண எச்டிடிபி முகவரிக்கு ரவுட்டரின் நுழைவுப் பக்கம் வருகிறது. எச்டிடிபிஎஸ் முகவரி வெகுநேரம் சுற்றிவிட்டு நின்றுபோகிறது. 192.168.1.10 என்று நேரடியாகத் தட்டினால் மட்டும் வருகிறது. சர்வரில் எதை மாற்ற வேண்டும்? – சேலம் வாசகர்

பதில்: சர்வரில் எதையும் மாற்ற வேண்டாம். உள்முகவரியில் தளம் திறப்பதும், மொபைல் டேட்டாவில் திறப்பதும், சர்வரும் போர்ட் திருப்பலும் சரியாக இருப்பதற்கு இரட்டைச் சான்றுகள். உங்கள் கைப்பேசி வைஃபையில் இருக்கும்போது அனுப்பும் கோரிக்கை எந்த வழியாகப் போகிறது, அதற்கான விடை எந்த வழியாகத் திரும்புகிறது என்பதைப் பின்தொடர்ந்தால் கோளாறு எங்கே என்பது விளங்கிவிடும்.

கைப்பேசியின் உள்முகவரி 192.168.1.25 என்று வைத்துக்கொள்வோம். தளத்தின் பெயரைத் தட்டியதும், பெயரை முகவரியாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் அதற்குரிய முகவரியாக 203.0.113.7 என்ற உங்கள் பொது முகவரியைச் சொல்கிறது. அது வீட்டு வலையமைப்பைச் சேர்ந்த முகவரி அன்று என்பதால், கைப்பேசி தன் பாக்கெட்டை (கோரிக்கையைச் சுமக்கும் தரவுத் துண்டை) ரவுட்டரிடம் ஒப்படைக்கிறது. ஆனால் அந்தப் பொது முகவரி ரவுட்டரின் வெளிப்பக்கத்துக்கே உரியது. உள்ளிருந்து தன்னுடைய வெளிமுகவரியைத் தேடி வந்த பாக்கெட்டை என்ன செய்வது என்பதை ஒவ்வொரு ரவுட்டரும் ஒவ்வொரு விதமாக முடிவுசெய்கிறது. சில ரவுட்டர்கள் அதைத் தம்மை நாடி வந்ததாகவே எடுத்துக்கொண்டு, 80ஆம் போர்ட்டில் தம் நிர்வாகப் பக்கத்தைக் காட்டிவிடுகின்றன. உங்கள் முதல் அறிகுறிக்குக் காரணம் இதுதான். சிலவற்றில் போர்ட் திருப்பல் விதி, இணையப் பக்கத்திலிருந்து நுழையும் பாக்கெட்டுகளுக்கு மட்டுமே எழுதப்பட்டிருக்கும். உட்பக்கத்திலிருந்து வந்த பாக்கெட் அந்த விதிக்குள் அடங்காமல் கைவிடப்படும்.

மூன்றாவது வகைதான் பலரையும் குழப்புவது. அங்கே ரவுட்டர் விதியைப் பின்பற்றிச் சேருமிடத்தை 192.168.1.10 என்று மாற்றி, பாக்கெட்டைச் சர்வரிடம் சேர்த்தும்விடுகிறது. அனுப்புநர் முகவரி மட்டும் 192.168.1.25 என்று மாறாமலே இருக்கிறது. அதைப் பார்த்த சர்வர், கேட்டவர் தன் வலையமைப்பிலேயே இருப்பதால், ரவுட்டரை நாடாமல் நேராகக் கைப்பேசிக்கு விடையனுப்புகிறது. கைப்பேசியோ 203.0.113.7 என்ற முகவரியிலிருந்து விடையை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது. தான் கேட்காத ஒருவரான 192.168.1.10 இடமிருந்து வந்த பாக்கெட்டை அது ஏற்பதில்லை. ஒருவருக்குப் பதிவுத் தபால் அனுப்பிவிட்டு, ஒப்புகை அட்டை முன்பின் அறியாத வேறொருவரின் கையெழுத்தோடு திரும்பினால் நாமும் அதை ஏற்கமாட்டோம் அல்லவா? டிசிபி நெறிமுறைப்படி கைப்பேசி அந்த விடைக்கு மறுப்பு அனுப்பிவிட்டு, முதலில் கேட்டதையே மீண்டும் மீண்டும் கேட்டுக்கொண்டிருக்கும். திரையில் சுற்றிக்கொண்டே இருப்பதாக நீங்கள் பார்ப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். முன்சொன்ன கைவிடப்படும் நிலையிலும் திரையில் அதே காட்சிதான் தெரியும்.

இதைத் தீர்க்க, ரவுட்டர் சேருமிடத்தோடு அனுப்புநர் முகவரியையும் தன்னுடையதாக மாற்றி எழுத வேண்டும். அப்போது சர்வரின் விடை ரவுட்டருக்கே போகும். ரவுட்டர் இரு மாற்றங்களையும் திருப்பிப் போட்டு, 203.0.113.7 இடமிருந்து வந்த விடையாகக் கைப்பேசிக்குக் கொடுக்கும். நாட் என்பது முகவரி மாற்றம்; இந்த வசதிக்கு ஹேர்பின் நாட், நாட் லூப்பேக், நாட் ரிஃப்ளெக்ஷன் என்று பல பெயர்கள் வழங்குகின்றன. முகவரி மாற்றும் கருவிகள் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும் என்று யுடிபி போக்குவரத்துக்கு 2007இல் வெளியான ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) 4787உம், டிசிபி போக்குவரத்துக்கு 2008இல் வெளியான ஆர்எஃப்சி 5382உம் வரையறுத்துவிட்டன. அதற்குப் பின்னும், இணைப்போடு சேர்த்து வீட்டில் பொருத்திவிட்டுப் போகும் பெட்டிகளில் இந்த வசதி இல்லாமலோ, இருந்தும் பயனரால் தொட முடியாமலோ இருப்பது சாதாரணம்.

சொந்தமாக ரவுட்டர் வாங்கியவர்களுக்கு நிலைமை மேல். ஓப்பன்டபிள்யுஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளில் போர்ட் திருப்பல் விதி ஒன்றை எழுதினாலே இந்த வசதியும் தானாக இயங்கும். பிஎஃப்சென்ஸ் மென்பொருளில் அது முதலில் அணைத்தே வைக்கப்பட்டிருக்கும். அமைப்புகளுக்குள் போய் இயக்க வேண்டும். மைக்ரோடிக் ரவுட்டரில் உள்வலையமைப்பிலிருந்து சர்வருக்குப் போகும் போக்குவரத்துக்கு, அனுப்புநர் முகவரியை ரவுட்டருடையதாக மாற்றும் மாஸ்கரேட் விதி ஒன்றை நாமே சேர்க்க வேண்டும். அதோடு, முதலில் எழுதிய திருப்பல் விதி வெளி இன்டர்ஃபேஸை (இணையப் பக்கத்து இணைப்பை) மட்டும் குறிப்பதாக இருந்தால், அதைப் பொது முகவரியைக் குறிப்பதாக மாற்ற வேண்டும். இந்த இரண்டாவது மாற்றத்தை மறந்துவிட்டு, மாஸ்கரேட் விதி வேலைசெய்யவில்லை என்று எழுதுவோர் பலர்.

இந்த வழிக்கு ஒரு விலை உண்டு. வீட்டிலிருந்து யார் தளத்தைத் திறந்தாலும், சர்வரின் பதிவேட்டில் ரவுட்டரின் முகவரிதான் பதிவாகும். ஃபெயில்2பேன் போன்ற காவல் மென்பொருளை நிறுவியிருந்தால், வீட்டில் ஒருவர் கடவுச்சொல்லை நாலைந்து முறை தவறாகத் தட்டியதற்கு ரவுட்டரின் முகவரியே தடைப்பட்டு, குடும்பம் முழுவதும் வெளியே நிற்க நேரிடும். ஒரே அறையில் இருக்கும் இரு கருவிகளுக்கு இடையிலான கோப்புகளும் காணொளிகளும் ரவுட்டரின் முகவரி மாற்றும் வேலைக்குள் புகுந்து வெளிவருவதால், விலை குறைந்த ரவுட்டர்களில் வேகமும் குறையலாம். ஆகவே, ரவுட்டரில் இந்த வசதி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அடுத்த பதிலில் சொல்லப்படும் வழியையே நான் முதலில் பரிந்துரைப்பேன்.

கேள்வி: அதே தொல்லைக்காக, என் மடிக்கணினியில், பெயர்களுக்குரிய முகவரிகளை எழுதிவைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் தளப் பெயருக்கு நேராக உள்முகவரியை எழுதினேன். வீட்டில் வேலைசெய்கிறது, அலுவலகத்துக்கு எடுத்துப்போனால் தளம் திறப்பதில்லை. கைப்பேசியில் அந்தக் கோப்பைத் தொடவே முடியவில்லை. வீட்டில் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில், விளம்பரங்களைத் தடுக்கும் டிஎன்எஸ் மென்பொருளான பைஹோல் ஓடுகிறது. அதைக் கொண்டு ஏதேனும் செய்ய இயலுமா? – திருநெல்வேலி வாசகர்

பதில்: தேவையான கருவி ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. ஹோஸ்ட்ஸ் கோப்பு ஒரு கருவியோடு ஒட்டிக்கொண்டு போகும் இடமெல்லாம் போவதால்தான் அலுவலகத்தில் தவறான விடை சொல்கிறது. அதே விடையைக் கருவியில் எழுதாமல் வீட்டு வலையமைப்பின் டிஎன்எஸில் எழுதினால், வீட்டுக்குள் இருப்பவர் கேட்கும்போது 192.168.1.10 என்றும், வெளியே இருப்பவர் பொது டிஎன்எஸிடம் கேட்கும்போது 203.0.113.7 என்றும் ஒரே பெயருக்கு இரு விடைகள் கிடைக்கும். பைஹோலில் லோக்கல் டிஎன்எஸ் ரெக்கார்ட்ஸ் என்ற பகுதியில் பெயரையும் உள்முகவரியையும் சேர்த்தால் போதும். ஆட்கார்ட் ஹோம், அன்பவுண்ட், டிஎன்எஸ்மாஸ்க் ஆகிய டிஎன்எஸ் மென்பொருள்களிலும் இதற்கு நேரான வசதி உண்டு; டிஎன்எஸ்மாஸ்க் பல ரவுட்டர்களுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கிறது. கோரிக்கை ரவுட்டரின் முகவரி மாற்றத்தைத் தொடாமலே சர்வரை அடைவதால், பதிவேட்டில் உண்மையான உள்முகவரி பதிவாகும். தளப் பெயர் மாறாததால் எச்டிடிபிஎஸ் சான்றிதழும் எச்சரிக்கையின்றி ஏற்கப்படும்.

இதைச் செய்வதற்கு முன், சர்வரின் உள்முகவரி மாறாமல் இருக்க ரவுட்டரில் கருவிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி பகுதியில் அதை நிலைப்படுத்திவிடுங்கள். அதே பகுதியில் வீட்டுக் கருவிகளுக்கு வழங்கப்படும் டிஎன்எஸ் முகவரியாகப் பைஹோலை மட்டும் குறிப்பிடுங்கள். இரண்டாவது கட்டம் காலியாக இருப்பது பொறுக்காமல் அங்கே கூகிளின் பொது டிஎன்எஸான 8.8.8.8 என்று நிரப்பிவைப்பது பலருக்கும் பழக்கம். இரண்டாவதாக எழுதியது முதலாவது செத்தால் மட்டுமே பயன்படும் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. கருவி எந்த நேரத்தில் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். தளம் காலையில் திறந்து மாலையில் திறக்கவில்லை என்று எழுதுபவர்களின் அமைப்பில் நான் முதலில் சந்தேகிப்பது அந்த இரண்டாவது கட்டத்தைத்தான்.

இவ்வளவுக்குப் பின்னும் ஏதேனும் ஒரு கருவி பொது முகவரிக்கே போனால், அது உங்கள் டிஎன்எஸைக் கேட்கவில்லை என்று பொருள். மடிக்கணினியில் என்எஸ்லுக்கப் கட்டளையோடு தளப் பெயரைக் கொடுத்தால், விடை சொன்ன டிஎன்எஸ் எது, சொன்ன முகவரி எது என்ற இரண்டும் தெரிந்துவிடும். ஆண்ட்ராய்டில் 2018இல் வந்த ஒன்பதாம் பதிப்பு முதல் பிரைவேட் டிஎன்எஸ் என்ற அமைப்பு இருக்கிறது. அதில் ஒரு வெளி நிறுவனத்தின் பெயர் எழுதப்பட்டிருந்தால், கைப்பேசி வீட்டு டிஎன்எஸைப் பொருட்படுத்தாது. அதைத் தானியங்கி நிலைக்கு மாற்றிவிடுங்கள். உலாவிகளில் இருக்கும் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பும் இதே போல் வீட்டைத் தாண்டிப் போய்விடும். என்எஸ்லுக்கப் சரியான விடை சொல்லியும் உலாவியில் மட்டும் தளம் திறக்காததற்கு இது முதன்மையான காரணம். இன்னொன்று கண்ணில் எளிதில் படுவதில்லை: ஐபிவி6 உள்ள இணைப்புகளில், ரவுட்டர் தன்னையோ இணையச் சேவை நிறுவனத்தையோ டிஎன்எஸாகக் காட்டும் அறிவிப்பைத் தனி வழியில் அனுப்பிக்கொண்டிருக்கும். டிஎச்சிபியில் நீங்கள் எழுதியது ஐபிவி4க்கு மட்டுமே செல்லும். ஆகவே ஐபிவி6 அமைப்புப் பக்கத்திலும் டிஎன்எஸ் வரியைப் பார்த்து மாற்றுங்கள்.

கடைசியாக ஒரு வரம்பைச் சொல்லிவிட வேண்டும். டிஎன்எஸ் முகவரியை மட்டுமே மாற்றும், போர்ட்டை மாற்றாது. வெளியில் 8443 என்ற போர்ட்டில் வருவதை உள்ளே 443க்குத் திருப்பியிருந்தால், வீட்டுக்குள் இருப்பவர் அதே 8443ஐ நேராகச் சர்வரிடம் தட்டுவார். அங்கே கேட்பதற்கு ஆள் இருக்காது. சர்வரையே 8443இலும் கேட்கச் செய்வது எளிய தீர்வு. அதுபோல, ஒரே பெயரில் 443 ஒரு கணினிக்கும் 8080 இன்னொரு கணினிக்கும் திருப்பப்பட்டிருந்தால், அந்தப் பெயருக்கு உள்ளே ஒரே ஒரு முகவரியைத்தான் சொல்ல இயலும். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனித் துணைப்பெயர் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது என்ஜின்எக்ஸ், கேடி போன்ற வலைச் சர்வர் மென்பொருள் ஒன்றை முன்னால் நிறுத்தி, பெயரைப் பார்த்து அந்தந்தக் கணினிக்குப் பிரித்தனுப்பச் செய்யுங்கள்.

கேள்வி: உள்முகவரியைத் தட்டினால் திறக்கும் என்கிறார்கள். என் வேர்ட்பிரஸ் தளத்தில் 192.168.1.10 என்று தட்டியதும் முகவரிப் பட்டை தானாகவே தளப் பெயருக்கு மாறி, அங்கேயே நின்றுவிடுகிறது. – தஞ்சாவூர் வாசகர்

பதில்: வேர்ட்பிரஸ் தன் சொந்த முகவரியைத் தரவுத்தளத்தில் எழுதிவைத்திருக்கிறது. எந்த முகவரியில் யார் வந்தாலும் அந்தப் பெயருக்கே அனுப்பிவைப்பது அதன் இயல்பு. படங்களின் இணைப்புகளும் அந்தப் பெயரிலேயே இருக்கும். வேர்ட்பிரஸின் பொது அமைப்புகளில் தள முகவரியை 192.168.1.10 என்று மாற்றினால் வீட்டுக்குள் எல்லாம் சரியானது போல் தோன்றும். வெளியில் இருக்கும் வாசகர்கள் அனைவரும் தங்கள் வீட்டு 192.168.1.10ஐத் தேடிப் போய்விடுவார்கள். அந்த வரியைத் தொடாமல், முந்தைய பதிலில் சொன்னபடி பெயருக்கு உள்ளே தனி விடை கொடுங்கள். கோப்புச் சேமிப்பு மென்பொருளான நெக்ஸ்ட்கிளவுடிலும் நம்பத்தக்க பெயர்களின் பட்டியலில் இல்லாத முகவரியில் வந்தால் தளம் மறுத்துவிடும். ஒரே சர்வரில் பல தளங்கள் நடத்தும் அப்பாச்சியும் என்ஜின்எக்ஸும் வந்தவர் தட்டிய பெயரைப் பார்த்தே தளத்தைத் தேர்ந்தெடுக்கின்றன. வெறும் எண்ணைத் தட்டினால் முதலில் எழுதிய தளமோ வெறும் வரவேற்புப் பக்கமோதான் வரும். எண்ணால் திறந்து பார்ப்பது சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று சோதிப்பதற்கு மட்டுமே உதவும்.

கேள்வி: என் நிலை தலைகீழானது. வீட்டுக்குள் திறக்கிறது, வெளியே யாருக்கும் திறக்கவில்லை. ரவுட்டரின் நிலைப் பக்கத்தில் வெளிமுகவரி 100.72 என்று தொடங்குகிறது. – சென்னை வாசகர்

பதில்: அந்த எண்ணே விடையைச் சொல்லிவிடுகிறது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள், ஒரு பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கும் இணையச் சேவை நிறுவனங்களுக்காக 2012இல் ஆர்எஃப்சி 6598 வழியாக ஒதுக்கப்பட்டவை. உங்கள் ரவுட்டருக்கும் இணையத்துக்கும் இடையே நிறுவனத்தின் முகவரி மாற்றி ஒன்று நிற்கிறது. அதில் போர்ட் திருப்பும் அதிகாரம் உங்களுக்குக் கிடையாது. வெளிமுகவரி 10 என்றோ 192.168 என்றோ தொடங்கினாலும், வெளித் தளங்கள் காட்டும் உங்கள் முகவரியோடு அது பொருந்தாவிட்டாலும், ஏறத்தாழ இதே நிலைதான். கட்டணம் செலுத்தி நிலையான பொது முகவரி கேட்பது ஒரு வழி. வெளியே வாடகைக்கு எடுத்த சிறு சர்வர் ஒன்றுக்கு வீட்டிலிருந்து வயர்கார்ட் என்ற விபிஎன் இணைப்பு போடுவதும், கிளவுட்ஃப்ளேர் டனல் போன்ற சேவையை நாடுவதும் வேறு வழிகள்.

டனல் வழியைத் தேர்ந்தால், உள்ளிருந்து திறக்காத தொல்லை இயல்பாகவே வராது. வீட்டுக் கைப்பேசியின் கோரிக்கை வெளியே போய், சர்வர் தானே திறந்துவைத்திருக்கும் இணைப்பின் வழியாக மீண்டும் உள்ளே வந்துவிடும். அதற்கு விலையாக, அடுத்த அறையில் இருக்கும் புகைப்படத்தைப் பார்க்கவும் உங்கள் பதிவேற்ற வேகமே வரம்பாகும். இணைப்பு அறுந்தால் வீட்டுக்குள்ளும் தளம் இல்லை. அப்போதும் வீட்டு டிஎன்எஸில் உள்முகவரியை எழுதி நேர்வழி அமைக்கலாம். ஆனால் கிளவுட்ஃப்ளேர் டனலில் பார்வையாளருக்குக் காட்டப்படும் எச்டிடிபிஎஸ் சான்றிதழ் அந்த நிறுவனத்தின் வாசலில் இருப்பதால், உங்கள் சர்வருக்கென்று தனிச் சான்றிதழ் ஒன்று வேண்டும். இலவசச் சான்றிதழ் வழங்கும் லெட்ஸ் என்கிரிப்ட் டிஎன்எஸ் பதிவின் வழியாகவும் உரிமையைச் சரிபார்த்துச் சான்றிதழ் தருகிறது. அதற்கு எந்தப் போர்ட்டையும் திறக்க வேண்டியதில்லை.

கேள்வி: ஃபைபர் இணைப்புக்காக வந்த பெட்டியிலும் வைஃபை இருக்கிறது, அதற்குப் பின்னால் நான் வாங்கிய ரவுட்டரிலும் இருக்கிறது. சர்வர் என் ரவுட்டரில். மாடியில் பெட்டியின் வைஃபையில் இருப்பவர்களுக்கு உள்முகவரியும் திறக்கவில்லை. – கோயம்புத்தூர் வாசகர்

பதில்: உங்கள் வீட்டில் இரு வலையமைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கின்றன. மாடியில் இருப்பவர்கள் உங்கள் ரவுட்டரைப் பொறுத்தவரை வெளியாட்கள். பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு (முகவரி மாற்றாமல் இணைப்பை மட்டும் கடத்தும் நிலைக்கு) மாற்றித் தரும்படி நிறுவனத்திடம் கேளுங்கள்; மறுத்தால், உங்கள் ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் நிலைக்கு (தனி வலையமைப்பு அமைக்காமல் வைஃபை மட்டும் தரும் நிலைக்கு) மாற்றுங்கள். இரண்டாவது வழியில் போர்ட் திருப்பலைப் பெட்டியில் எழுத வேண்டியிருக்கும். விருந்தினர் வைஃபையில் இணைந்தவர்களுக்கும் சர்வர் தெரியாது. அது வேண்டுமென்றே செய்யப்பட்ட தடை, அப்படியே விட்டுவிடுவது நல்லது.

கேள்வி: ஐபிவி6 வந்துவிட்டால் இந்தத் தொல்லைகள் எவையும் இருக்காது என்கிறார்களே? – திருச்சி வாசகர்

பதில்: உள்முகவரி, வெளிமுகவரி என்ற பிரிவு பெரும்பாலும் நீங்கிவிடும் என்பது உண்மை. சர்வருக்கு உலகம் முழுவதும் செல்லுபடியாகும் முகவரி ஒன்று கிடைப்பதால், வீட்டுக் கைப்பேசியும் வெளிநாட்டுக் கணினியும் அதே முகவரியையே நாடும். டிஎன்எஸில் நான்கு ஏ பதிவு என்று வழங்கும் ஐபிவி6 பதிவைச் சேர்த்து, ரவுட்டரின் ஃபயர்வாலில் அந்த முகவரிக்கு 80, 443 ஆகிய போர்ட்களை அனுமதித்தால் முடிந்தது. ஆனால் பல நிறுவனங்கள் வீட்டுக்குத் தரும் முகவரித் தொகுதியை அவ்வப்போது மாற்றுகின்றன; மாறும்போதெல்லாம் பதிவைப் புதுப்பிக்கும் சிறு நிரல் ஒன்று சர்வரில் ஓட வேண்டும். பதிவு பழையதாகிவிட்டால் உலாவி சற்றுத் தயங்கிவிட்டு ஐபிவி4க்குத் திரும்பும். வீட்டுக்குள் இருப்பவருக்கு அங்கே சேலம் வாசகரின் தொல்லையே மீண்டும் காத்திருக்கும். ஐபிவி6 இல்லாத வலையமைப்புகளில் இருப்பவர்களுக்காக ஐபிவி4 வழியையும் வைத்திருக்கத்தான் வேண்டும்.

சோதனையில் ஒரு கவனம் தேவை. ஐபிவி6இல் ஒரே வலையமைப்பில் இருக்கும் கைப்பேசியும் சர்வரும் ரவுட்டரின் ஃபயர்வாலைக் கடக்காமலே பேசிக்கொள்கின்றன. ஆகவே வீட்டில் தளம் திறப்பதை வைத்து வெளியிலும் திறக்கும் என்று முடிவுசெய்ய இயலாது. வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் ஒருமுறை திறந்து பார்த்த பிறகே முகவரியை உறவினர்களுக்கு அனுப்புங்கள்.